சரணடைந்த பின்னும் சிப்பாய்தான்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வட்டாரத்தில் என் தாத்தாவை 'ஐ.என்.ஏ. தாத்தா' என்றுதான் சொல்வார்கள். ஜனவரி 23 வந்தால் நேதாஜி பிறந்தநாள் கூட்டத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். பொன்னாடை போர்த்தி, ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவத்தில், நேதாஜி படையில் இருந்தவர் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். தாத்தா எழுந்து எல்லாரையும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த அறிமுகத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அவர் சீருடையில் இருந்தது ஆறு வருடம். மேடை சொன்னது அதில் இரண்டு வருடத்தை மட்டும். மிச்ச நான்கு வருடத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மட்டும் சொல்வார். அந்த நான்கு வருடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு ஒரே செக்‌ஷனில் இருந்து திரும்பி வராமலே போன ஒருவருக்காகவும்.

தாத்தா 1940-ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். ஊர் வேலூர்ப் பக்கம். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கொரு ஆள் பட்டாளத்தில் இருப்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். அவருடைய பெரியப்பா முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போய்வந்தவர். கொல்லர் குடும்பத்துப் பையன் என்பதால் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருந்த பயிற்சி முகாமில் உடனே எடுத்துக்கொண்டார்களாம். சப்பருக்குத் துப்பாக்கி மட்டும் போதாது, கையில் ஒரு தொழிலும் வேண்டும். தச்சர், கொல்லர், கொத்தனார், ஃபிட்டர் என்று எல்லாருமே தொழிலாளிகள். முள்கம்பி வேலியை உடைக்க உலகம் முழுக்கப் படைகள் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' 1912-ல் இந்தப் பட்டாளத்தில்தான் உருவானது. தாத்தாவுக்கு அதில் பெருமை உண்டு. தானே கண்டுபிடித்த மாதிரி குழாயின் நீள அகலத்தைக் கையால் அளந்து காட்டுவார்.

படை முன்னேறினால் முதலில் போகிற ஆள் சப்பர், பின்வாங்கினால் கடைசியில் வருகிற ஆளும் சப்பர். முன்னே போகும்போது பாலம் கட்ட வேண்டும், திரும்பி வரும்போது பாலத்தை உடைக்க வேண்டும். ஜப்பான் படையெடுத்து வந்த மலாயாப் போர் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை 70 நாள். அந்த 70 நாளும் பின்வாங்கல்தான். அப்படியென்றால் தாத்தாவின் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஜித்ராவைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றித்தான் பேசுவார். மலாயாவின் வடக்கே கெடாவில் பதினொன்றாவது இந்திய டிவிஷன் நின்ற இடம் அது. சயாமுக்குள் (இன்றைய தாய்லாந்து) புகுந்து சிங்கோரா துறைமுகத்தைப் பிடிப்பதா, ஜித்ராவிலேயே அரண் அமைத்து நிற்பதா என்று மேலே இரண்டு திட்டம் வைத்திருந்தார்கள். முன்னே போகத் தயாராக இருந்த ஆள்களைக் கடைசி நேரத்தில், இல்லை, இங்கேயே குழி வெட்டுங்கள் என்று திருப்பினார்கள். வெட்டிய குழியெல்லாம் தண்ணீர். "கம்பி வேலி பாதி, கண்ணிவெடி பாதி, மழை மட்டும் முழுசு" என்பார். எதிரே டாங்கிகள் வந்தன. மலாயாவிலிருந்த பிரிட்டிஷ் படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. மூன்று மாதம் தாங்கும் என்று எதிர்பார்த்த அரண் டிசம்பர் 11 தொடங்கி 13-க்குள் முடிந்துபோனது.

அதன் பிறகு பாலங்கள். இந்தப் பகுதியைத் தாத்தா சொல்லும்போது அவருக்குள் இருந்த தொழிலாளி எழுந்து வந்துவிடுவார். கல்தூண் பாலமென்றால் தூணைக் குடைந்து மருந்து வைக்க வேண்டும். இரும்புப் பாலமென்றால் மேல்சட்டம், கீழ்சட்டம் இரண்டையும் ஒரே நேரத்தில் அறுக்கிற மாதிரிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாலம் தொங்கும், விழாது. தொங்குகிற பாலத்தில் ஜப்பான்காரன் பலகை போட்டு ஏறி வந்துவிடுவான். அப்படித்தான் வந்தார்கள். ரப்பர் தோட்டமும் மரப்பட்டறையும் நிறைந்த நாட்டில் மரத்துக்கா பஞ்சம்? ஜப்பானியப் பொறியாளர் வீரர்கள் ஆற்றில் இறங்கி நின்று தோளில் பலகையைத் தாங்க, மேலே சைக்கிள் படை கடந்து போனது.

பாலத்தை உடைப்பதில் கஷ்டமான வேலை மருந்து கட்டுவதல்ல, காத்திருப்பது என்றார் தாத்தா. நம்முடைய கடைசி ஆள் வந்துவிட்டானா? யார் கடைசி ஆள்? காட்டில் வழி தவறியவன், காயம்பட்டவன், தூங்கிப்போனவன் எல்லாம் எதிர்க்கரையில் இருப்பான். எதிரி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் அதிகாரி கையைக் காட்டுவார். வெடித்துப் புகை அடங்கிய பிறகு எதிர்க்கரையில் நம் ஆள்கள் வந்து நிற்பார்கள். "பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கப்பா" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1942 ஜனவரி 7-ம் தேதி சிலிம் ரிவரில் நேர்மாறாக நடந்தது. வெடி வைத்திருந்த பாலம் வெடிக்கவில்லை. இருட்டில் டாங்கிகள் நெடுஞ்சாலையிலேயே ஓடிவந்து சில மணி நேரத்தில் இரண்டு பிரிகேடுகளை அழித்துவிட்டன. கோலாலம்பூருக்கு அதன் பிறகு காவல் இல்லை, ஜனவரி 11-ல் அது விழுந்தது. பின்னாளில் தான் குடியிருந்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்த இந்த ஊரைத் தாத்தா முதன்முதலில் பார்த்தது அந்த வாரத்தில், ராணுவ லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, தெற்கே போகிற வழியில். ஜனவரி 31-ல் மலாயாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் காஸ்வேயையும் உடைத்தார்கள். பிறகு உடைக்கப் பாலம் இல்லை. பிப்ரவரி 15-ல் புக்கித் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணாகதிக்குக் கையெழுத்துப் போட்டார்.

பாட்டி பினாங்குக்காரர். டிசம்பர் 11-ல் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்ததையும், 16-ம் தேதி இரவு ஐரோப்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போனதையும் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர், ஆளில்லாமல் விட்டுப்போன ஊரை ஜப்பானியர் நுழையும் வரை கட்டிக்காத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர், 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, ஒரு தமிழர். பினாங்கு செய்தி கெடாவிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த சிப்பாய்களுக்கும் வந்து சேர்ந்தது. பின்னால் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று பேசும்போது இந்த இரவை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

பிப்ரவரி 17. சிங்கப்பூர் ஃபாரர் பார்க் மைதானம். வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சாங்கிக்கு அனுப்பிவிட்டு இந்தியர்களை மட்டும் இங்கே வரச்சொன்னார்கள். ஏறத்தாழ 45,000 பேர். பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹன்ட் இவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலமாகி, பிறகு இந்துஸ்தானியாகி வந்தது. பஞ்சாப் ரெஜிமென்ட் கேப்டன் மோகன் சிங் பேசியபோது முன்னால் இருந்தவர்கள் தொப்பியை வீசி ஆரவாரம் செய்தார்கள். பின்வரிசையில் நின்ற மெட்ராஸ் பையன்களுக்குப் பாதி புரியவில்லை. யாரோ நம்மை யாரிடமோ கொடுத்தார்கள் என்பது மட்டும் புரிந்தது என்பார் தாத்தா.

இங்கேதான் மேஸ்திரி வருகிறார்.

சேலத்துக்காரர், கொத்தனார் வேலை தெரிந்த சப்பர். தாத்தா அவரை மேஸ்திரி என்றே சொல்வார். பெங்களூரில் அடுத்தடுத்த கட்டில், கப்பலில் ஒரே தட்டு, ஜித்ராவிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே லாரி. சிங்கப்பூர் நீ சூன் முகாமில், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட மோகன் சிங் தொடங்கிய இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது இருவருமே சேரவில்லை. தாத்தாவுக்கு அன்று ஒரு கொள்கையும் இல்லை, மேஸ்திரி சேராததால் அவரும் சேரவில்லை. மேஸ்திரிக்குக் காரணம் இருந்தது. "உப்பைத் தின்னுட்டோம்டா, கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்பாராம். சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் ஊரில் மனைவி கைக்குப் போகும்படி எழுதிக் கொடுத்திருந்தார். தான் மாறினால் அது நின்றுபோகும் என்ற பயமும் இருந்தது. இரண்டு காரணத்தில் எது பெரிது என்று நான் எடை போட மாட்டேன். பசித்த குடும்பத்தை நினைப்பவனும் விசுவாசிதான்.

சேராதவர்களை உடலுழைப்புக்கு அனுப்பினார்கள். தனிச்சிறை, பட்டினி, அடி எல்லாம் நடந்தது. 1943-ல் கிழக்கே நியூகினி, நியூ பிரிட்டன் பக்கம் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். மேஸ்திரியின் பெயர் பட்டியலில் இருந்தது. தாத்தாவின் பெயரும் இருந்தது. ஆனால் அந்த வாரம் பெரிபெரி வந்து கால் வீங்கி, தாத்தா முகாம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மேஸ்திரி போனார், தாத்தா போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தீவுகளில் இந்தியக் கைதிகளுக்கு நேர்ந்ததைப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியப் படை நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலில் நடத்திய விசாரணைகள் பதிவு செய்திருக்கின்றன. விமானத்தளம் போடும் வேலை, சோறில்லாத மாதங்கள், மருந்தில்லாத மலேரியா, கொலைகள். அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ரபாவுல் பீட்டா பாக்கா போர்க் கல்லறையில் பெயர் தெரியாத இந்தியச் சிப்பாய்கள் நிறையக் கிடக்கிறார்கள்.

தாத்தா பிழைத்து எழுந்தபோது ஜூலை வந்துவிட்டது. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2-ல் சிங்கப்பூர் வந்தார். 5-ம் தேதி பாடாங் மைதானத்தில் ஐ.என்.ஏ. அணிவகுப்பைப் பார்வையிட்டுப் பேசினார். கூட்டங்களில் அவர் பேச்சைத் தமிழிலும் சொன்னார்கள். ஒன்றரை வருடமாக ஜப்பானிய மொழியிலும் இந்துஸ்தானியிலும் அதட்டல் மட்டுமே கேட்டிருந்த ஆளுக்கு, நீ யார், எதற்காகச் சாகப்போகிறாய் என்பதை முதன்முதலாகத் தன் மொழியில் ஒருவர் சொன்னார். தாத்தா சேர்ந்தார். நேதாஜியைப் பற்றிப் பேசும்போது எண்பது வயதிலும் நிமிர்ந்து உட்கார்வார். அந்த நம்பிக்கை உண்மையானது. நான் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை.

பயிற்சி பெற்ற சிப்பாய் என்பதால் கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போட்டார்கள். வந்தவர்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள். ரப்பர் விற்க வழியில்லாமல் தோட்டங்கள் படுத்துவிட்டன. லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) இருந்தால் சயாம்-பர்மா ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போவான். படையில் சேர்ந்தால் சோறும் உண்டு, மானமும் உண்டு. காலில் பூட்ஸ் போட்டறியாத பையன்களுக்குக் கயிறு முடிச்சு, கல் உடைப்பு, பதுங்குகுழி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். "விடியக்காலை எந்திரிக்க மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல, பால்வெட்டுக்காரன் எனக்கு முன்னாடி எந்திரிப்பான்" என்று அன்போடு சொல்வார். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி தேவர் அப்போது ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் கட்சியின் தொடக்ககாலத்தவர்களில் ஒருவரானவர். தாத்தா அவரை எப்போதும் 'கேப்டன் அம்மா' என்றே குறிப்பிடுவார்.

1944-ல் இவர்களைப் பர்மாவுக்குக் கொண்டுபோனது அந்த சயாம் ரயில்தான். 415 கிலோமீட்டர். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும் செத்து விழுந்து முடிந்த பாதை. வண்டி மரப்பாலங்களில் ஊர்ந்து போகும்போது, பாலம் தெரிந்த ஆள் என்பதால் தாத்தா கீழே பார்த்துக்கொண்டே போனாராம். ஆணியில்லாமல் பட்டியும் கயிறுமாகக் கட்டிய முட்டுகள், ஓரத்தில் மண்மேடுகள். அவரோடு வந்த பால்வெட்டுப் பையன்களில் ஒருவனுடைய அண்ணன் அந்தப் பாதை வேலைக்குப் போனவன். பையன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் தமிழில் கத்திக் கேட்பானாம்.

இந்தியாவுக்குள் நுழைய ஜப்பானியரும் ஐ.என்.ஏ.வும் முயன்று தோற்ற இம்பால் போருக்குப் பிறகு போய்ச் சேர்ந்த ஆள்கள் இவர்கள். தாத்தா பெரும்பாலும் ரங்கூனில், பழுதுபார்ப்பு வேலையில் இருந்தார். போர்முனைக் கதை அவரிடம் அதிகம் இல்லை, நானும் இட்டுக்கட்ட விரும்பவில்லை. 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் ரங்கூனைக் கைவிட்டு ஓடியபோது, நகரத்தில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சில ஆயிரம் ஐ.என்.ஏ. வீரர்கள் பின்தங்கினார்கள். தலைமை மேஜர் ஜெனரல் லோகநாதன். அவரும் தமிழர், ராணுவ மருத்துவர், சிங்கப்பூரில் பிடிபட்ட போர்க்கைதி. பர்மாவை மீட்க வந்த பிரிட்டிஷ் படையில் மெட்ராஸ் சப்பர் கம்பெனிகள் பல இருந்தன. மே மாதம் ஆயுதத்தைக் கீழே வைத்து வரிசையில் நின்றபோது தாத்தாவின் பையைச் சோதித்தவன் ஒரு மெட்ராஸ் சப்பர். பையில் இருந்த பெங்களூர்ப் பித்தளைச் சின்னத்தைப் பார்த்துவிட்டு "எந்த கம்பெனிண்ணே?" என்று கேட்டானாம். தாத்தா சொன்னார். சின்னத்தை அவன் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டான்.

ஜப்பானிடம் ஒருமுறை கைதி, பிரிட்டனிடம் ஒருமுறை கைதி. கல்கத்தாப் பக்கத்து முகாமில் விசாரணை. ஐ.என்.ஏ.வில் எவ்வளவு ஈடுபாட்டோடு இருந்தான் என்பதை வைத்து ஆள்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். டில்லி செங்கோட்டையில் ஷாநவாஸ் கான், சாகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்து நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த மூவரும் சிங்கப்பூர்ப் போர்க்கைதிகள்தான். தாத்தாவைச் சாம்பலில் போட்டார்கள். 1946-ல் பட்டாளத்திலிருந்து விலக்கப்பட்டார். பிடிபட்ட நாளுக்குப் பிந்தைய சம்பளம் வரவில்லை. அவர் பெட்டியில் இருந்த காகிதத்தில் சேவைக்காலம் 1942 பிப்ரவரியோடு நின்றுவிடுகிறது.

அந்தக் காகிதம் ஒரு பக்கம் பாதியில் நிற்கிறது, நம் மேடை இன்னொரு பக்கம் 1943-ல் தொடங்குகிறது. நடுவில், முகாமில் பட்டினி கிடந்து யாருக்கும் பணியாமல் இருந்த ஒன்றரை வருடம் யார் கணக்கிலும் இல்லை. என்னைக் கேட்டால் தாத்தாவின் ராணுவ வாழ்க்கையில் கடினமான சேவை அதுதான். ஆயுதமில்லாமல், சம்பளமில்லாமல், யாருக்காக என்று தெரியாமல் வரிசையில் நின்று எண்ணிக்கை கொடுத்த காலம். அந்தக் காலத்தைக் கடைசி வரை நீட்டிக்கொண்டு போனவர் மேஸ்திரி.

1948-ல் தாத்தா அண்ணனைத் தேடி மலாயா வந்து செந்தூல் ரயில்வே பட்டறையில் கொல்லராகச் சேர்ந்தார். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை அடக்க மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய வருடம். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆள்களைச் சிறப்புக் காவலராகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டார்கள், போகவில்லை. பட்டறையிலேயே ஓய்வு பெற்றார்.

சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லறை இல்லாமல் இறந்த 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். மெட்ராஸ் சப்பர்களுக்கு அங்கே தனியிடம் இருக்கிறது. போய் நின்று படித்தேன். முனுசாமி, கோவிந்தசாமி, ஆறுமுகம் போல நம் வீட்டுப் பெயர்கள். நியூகினிக் காட்டில் செத்த சேலத்துக் கொத்தனார் இவர்களில் ஒருவர். நேதாஜி கூட்டங்களில் இவர்கள் பெயரை யாரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரனுக்கு விசுவாசமாக இருந்தவர்கள் என்று ஒரு வாக்கியத்தில் ஒதுக்கிவிடுகிறோம். 1972-ல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது ஐ.என்.ஏ.காரர்களையும் சேர்த்துக்கொண்டது, அது நியாயம். ஆனால் சேர மறுத்தவன் துரோகி என்று அதற்கு அர்த்தமில்லை. தாத்தா வாயிலிருந்து மேஸ்திரியைப் பற்றி ஒரு குறைச்சொல் வந்து நான் கேட்டதில்லை. நேதாஜியை வணங்கியவர் அவர். அவருக்கே இல்லாத மனக்கசப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

வரும் ஜனவரிக் கூட்டத்தில், ஐ.என்.ஏ. வீரர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தும்போது நீ சூன் முகாமில் மறுத்து நின்ற தமிழ்ச் சிப்பாய்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எங்க மாமாவும் அந்தக் கப்பல்ல போனவருதான், வீட்ல யாரும் பேசமாட்டோம்" என்றார். அவர் மாமாவின் பெயரைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அங்கேயே தேடினோம். பட்டாளத்தின் பெயரையும் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்துவிடுகிறது. சேவை எண் தெரிந்தால் ஒரே பெயருள்ள பலரில் நம் ஆளைப் பிரித்தெடுக்கலாம்.

அந்த எண் பழைய மணியார்டர் துண்டிலோ, ஊரிலிருந்து வந்த கடித உறையிலோ இருக்கக்கூடும். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் நேதாஜி படத்தோடு அப்படி ஒரு காகிதம் கிடந்தால் பிரித்துப் பாருங்கள். பெங்களூர் முத்திரையும் 'சப்பர்' என்ற பதவியும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.